பிரிவுப் பாடல் ஒன்றும் அதன் விற்பனையும்

நகரத் திருச்சபைகளில் மணமக்கள் பதிவேட்டில் கையொப்பமிடும் அந்தச் சில நிமிடங்களில் பாடப்பட வேண்டிய பாடலைத் தெரிந்தெடுக்கும் உரிமை மணவீட்டாருக்கு விடப்பட்டிருப்பதை வாசகர் அறிவர். பாடகர் குழுவோ, தனிப் பாடகர் ஒருவரோ அவ்வேளையில் பாடுவர். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய திருமணம் ஒன்றை நடத்தும்படி நம்மை அழைத்தனர். மணமகளுக்குக் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குக் கொடுத்தவர் நாமே என்பது அவ்வழைப்புக்குக் காரணம். மணமக்கள் எழுதித் தந்த ஆராதனை ஒழுங்கில், கையொப்பமிடும் வேளைக்கு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்னும் ஆங்கிலப் பாடல் குறிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் 1992-இல் 'த பாடிகார்ட்' என்னும் திரைப்படத்துக்காகப் பாடிய பாடல் அது. சேகரக் குழுவைச் சேர்ந்த மூப்பர் ஒருவர், சினிமாப் பாட்டுக்கு ஆலயத்தில் இடமில்லை என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட்டார். மணமகனோ, என்றும் நேசிப்பேன் என்று சொல்லுவது திருமண உடன்படிக்கையின் சாரமேயன்றோ, அதில் என்ன குற்றம் கண்டீர்கள் என்று வினவினார். இருவரும் நம்மைத் தீர்ப்புக் கூறும்படி கேட்டனர்.

இருவர் கூற்றும் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மூப்பர் பாடல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நோக்கினார். மணமகன் அதன் பல்லவியை மட்டும் கேட்டிருந்தார். பாடலை முதலிலிருந்து முடிவுவரை படித்துப் பார்த்தவர் அவ்விருவரில் ஒருவரும் இல்லை. அது இல்லறம் புகுவோர் பாடும் பாடலன்று. விடைபெற்றுச் செல்லுகிறவர் பாடும் பாடல். இதனை மணமக்களுக்கு எடுத்துரைத்தபோது மணமகள் சற்று நேரம் பேசாதிருந்து, அப்படியானால் தான் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது தன் தங்கை அதைப் பாடட்டும் என்றாள். ஆலயத்தில் ஒரு கீர்த்தனை பாடப்பட்டது. அந்த ஆங்கிலப் பாடல் மாலையில் வீட்டு வாசலில் பாடப்பட்டது. நாம் விளக்கியதினும் அப்பெண் பாடலை நன்றாக விளங்கிக்கொண்டாள் என்றே கூறவேண்டும்.

உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையான ஒரு காதற்பாடல், அதை வாங்கியவர்களில் மிகப் பலரால் தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்றால், அதனை ஆராய்வது அருட்பணியாளருக்கு வீண் வேலையன்று. நம் சபையார் அன்பைப் பற்றிய கருத்துகளைப் பிரசங்கங்களிலிருந்து பெறுவதினும் அதிகமாகப் பாடல்களிலிருந்தே பெறுகின்றனர். அப்பாடல்களை நாம் படித்துப் பார்க்காமலே கண்டிக்கிறோம். அல்லது படித்துப் பார்க்காமலே அனுமதிக்கிறோம்.

இப்பாடலை இயற்றியவர் ஹூஸ்டன் அல்லர். 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற மெல்லிசையில் புகழ்பெற்ற டாலி பார்ட்டன் 1973-இல் இதனை எழுதினார். அவர் 1946-இல் டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில், பன்னிரு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்த மருத்துவர் ராபர்ட் தாமஸ் ஒரு மெதடிஸ்து மிஷனரி. அவருக்குத் தந்தையார் கொடுக்க முடிந்த ஊதியம் ஒரு பை சோளமாவு. தாய்வழிப் பாட்டனார் ஜேக் ஓவன்ஸ் பெந்தெகொஸ்தே பிரசங்கியார். அவருடைய சிறிய ஆலயத்தில் பாடியே பார்ட்டனின் குரல் பழகியது.

1967-இல், போர்ட்டர் வேகனர் என்னும் மூத்த பாடகர் தாம் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்ட்டனுக்கு இடமளித்தார். அந்த வாய்ப்பே அவரை நாடறியச் செய்தது. இருவரும் சேர்ந்து பாடிய பாடல்கள் பல வெற்றி கண்டன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, பார்ட்டன் தம் வழியில் தனித்துச் செல்ல விரும்பினார், வேகனர் விடவில்லை. வாதாடிச் சலித்த நிலையில், தாம் சொல்ல விரும்பியதை ஒரு பாடலாக எழுதி, மறுநாள் வேகனரின் அறைக்குச் சென்று பாடிக் காட்டியதாகப் பார்ட்டன் பல முறை கூறியிருக்கிறார். அவர் கண்ணீர் விட்டாராம். பதிவைத் தாமே நடத்தித் தருவதானால் போகலாம் என்று இசைந்தாராம். 1974-இல் பாடல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஆகவே, காதற்பாடல் என்று உலகம் கொண்டாடும் இது, காதலனை நோக்கி எழுதப்பட்டதன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். பார்ட்டன் 1966-லேயே கார்ல் டீன் என்பவரை மணந்தவர். தம்மை வளர்த்துவிட்ட மூத்த ஊழியரிடம் இளைய ஊழியர் ஒருவர் விடைபெறும் பாடல் இது. இந்தச் செய்தி இறையியல் மாணவருக்கும் உதவி ஆயர்களுக்கும், அவர்களை வளர்த்துவிட்டதாக எண்ணும் நம்மைப் போன்றவர்களுக்கும் ஏதேனும் சொல்லுமாயின், அதைப் பின்னர்க் காண்போம்.

பாடலின் கருத்து மூன்று சிறு பகுதிகளில் அடங்கியிருக்கிறது. தாம் தங்கியிருந்தால் இடையூறாகவே இருக்கும் என்பதால் புறப்படுவதாகவும், போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போவதாகவும் முதற்பகுதி கூறுகிறது. இன்பமும் துன்பமும் கலந்த நினைவுகளை மட்டும் எடுத்துச் செல்லுவதாகவும், அழவேண்டாம் என்றும் இரண்டாம் பகுதி சொல்லுகிறது. மூன்றாம் பகுதி வாழ்த்து: வாழ்க்கை நலமாக அமையட்டும், கனவுகள் கைகூடட்டும், எல்லாவற்றிற்கும் மேலாக அன்பு கிட்டட்டும் என்று விடப்படுகிறவருக்கு ஆசி கூறப்படுகிறது. இடையிடையே வரும் பல்லவியில் உள்ளது தலைப்பு வாக்கியம் ஒன்றே. பார்ட்டனின் முதற்பதிவைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். மூன்றாம் பகுதியை அவர் பாடவில்லை. தாழ்ந்த குரலில் பேசுகிறார். ஆராதனை முழுவதும் பாடி முடித்தபின் குருவானவர் கைகளை உயர்த்தி ஆசிமொழியை வாசிப்பது போன்ற ஓர் இடம் அது. பாட்டனாரின் ஆலயத்திலிருந்து வந்த பழக்கமோ, கன்ட்ரி இசையின் மரபோ, எதுவாயினும் பாடலின் உயிர் அங்கே இருப்பதாக நாம் கருதுகிறோம்.

தமிழ் படித்தவர்களுக்குப் பிரிவு புதிய பொருளன்று. பாலைத் திணையின் உரிப்பொருளே அது. பொருள்வயிற் பிரிவு என்று தனியே ஒரு துறையும் உண்டு. ஆயினும் அங்கே பிரிகிறவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. பொருளீட்டியபின் மீள்வேன் என்னும் உறுதிமொழி அவளைத் தாங்குகிறது. கார்காலம் வந்தும் தேர் வராததே அவள் துயரம். இந்த அமெரிக்கப் பாடலில் தொழிலை முன்னிட்டுப் பிரிகிறவள் பெண். மீண்டு வருவேன் என்று அவள் சொல்லவில்லை. மீளாத பிரிவிலும் அன்பு நிலைக்கும் என்று மட்டும் சொல்லுகிறாள். இதுவே பாடலின் புதுமை. பல்லவியை மட்டும் கேட்பவருக்கு இது மறைந்துபோகிறது.

இனிப் பாடலின் வணிக வரலாற்றுக்கு வருவோம். எல்விஸ் பிரெஸ்லி இதனைப் பாட விரும்பினார். அக்காலத்தில் பிரெஸ்லி ஒரு பாடலைத் தொடுவது எழுதியவருக்குப் பெரும் பேறு. பதிவுக்குச் சற்று முன், பிரெஸ்லியின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், பாடலின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தந்தாலன்றிப் பிரெஸ்லி பாடமாட்டார் என்று தெரிவித்தார். பார்ட்டன் மறுத்துவிட்டார். அன்றிரவு முழுவதும் அழுததாகவும் அவர் கூறியிருக்கிறார்.

வெளியீட்டு உரிமை என்பது யாது எனச் சுருக்கமாகக் கூறுவது நன்று. ஒரு பாடல் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டு விற்கும்போது, பாடியவருக்கு உரியது ஒன்று. எழுதியவருக்கும் அவருடைய வெளியீட்டாளருக்கும் உரியது வேறொன்று. அமெரிக்கச் சட்டம் 1909 முதல் 1977 முடிய ஒரு பாடலுக்கு, ஒரு படிக்கு 2 சென்ட் என்று வகுத்திருந்தது. 1992-இல் அது 6.25 சென்ட், அதாவது 10 இலட்சம் படிகள் விற்றால் 62,500 டாலர். வழக்கமாக இதில் பாதி எழுதியவருக்கும் பாதி வெளியீட்டாளருக்கும் செல்லும். மேலும் அந்நாட்டு வானொலி நிலையங்கள் பாடல் ஒலிபரப்பாகும்போது எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் பணம் செலுத்துகின்றன, பாடியவருக்குச் செலுத்துவதில்லை. எனவே பார்க்கர் கேட்டது ஒரு நாளைய கட்டணமன்று, அப்பாடல் உலகில் உள்ளளவும் வரும் விளைச்சலில் பங்கு.

இங்கே ஒரு வினா எழலாம். பற்றற்று விட்டுச் செல்லும் அன்பைப் பாடியவர், தம் பாடலைப் பற்றிக்கொண்டது முரணாகாதோ? நம் வகுப்பறையில் மாணவர் ஒருவர் இவ்வாறே கேட்டார்; கொடுத்துவிட்டிருந்தால் கிறிஸ்தவச் செயலாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். நாம் உடன்படவில்லை. ஆளை விடுவது வேறு. உழைப்பின் பலனை வலியவனிடம் இழப்பது வேறு. வேகனரைத் தம் உடைமையாகவோ, தம்மை வேகனரின் உடைமையாகவோ வைத்துக்கொள்ள அவர் மறுத்தார். அதே மனம்தான் தம் கைவேலையைப் பார்க்கரின் உடைமையாக்கவும் மறுத்தது. வேலையாள் தன் கூலிக்குரியவன் என்னும் அப்போஸ்தலக் கோட்பாடு (1 தீமோத்தேயு 5:18) உபதேசிப்பவருக்கு மட்டும் உரியதன்று. தாழ்மையின் பெயரால் எளியவரின் உழைப்பை வாங்கிக்கொள்வது திருச்சபைக்கும் தெரியாத கலையன்று என்பதை, நம் நிறுவனங்களில் குறைந்த ஊதியத்தில் பணியாற்றும் ஆசிரியர்களும் உபதேசியார்களும் அறிவர்.

18 ஆண்டுகள் கழிந்தன. 'த பாடிகார்ட்' படத்தில், தன்னைக் காத்த மெய்க்காவலனைப் பிரிந்து செல்லும் பாடகியின் வேடம் ஹூஸ்டனுக்கு. பிரிவுக் காட்சிக்கு முதலில் எண்ணியிருந்த பாடல் வேறொரு படத்தில் வந்துவிட்டதால், உடன் நடித்த கெவின் காஸ்ட்னர் பார்ட்டனின் பாடலைப் பரிந்துரைத்தார். தொடக்கப் பகுதி வாத்தியமின்றிப் பாடப்பட வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. இசையமைப்பைப் பொறுப்பேற்ற டேவிட் ஃபாஸ்டர் முன்மாதிரியாகக் கொண்டது, லிண்டா ரான்ஸ்டட் 1975-இல் வெளியிட்ட பதிவை. அந்தப் பதிவில் மூன்றாம் பகுதி இல்லை. ஃபாஸ்டர் பார்ட்டனுடன் தொலைபேசியில் பேசியபோது, கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள் என்று அவர் நினைவூட்ட, அப்படியொரு பகுதி இருப்பதையே அப்போதுதான் ஃபாஸ்டர் அறிந்தார். ஆசிமொழியில்லாமலே பாடல் உலகைச் சுற்றி வந்திருக்கக்கூடும்! எழுதியவர் உயிரோடும் உரிமையோடும் இருந்ததால் அது தப்பிற்று. திருமறைப் பாட ஆராய்ச்சியில் பழக்கமுள்ள நம் மாணவர்கள், ஒரு பிரதியில் விடுபட்ட பகுதி அடுத்தடுத்த பிரதிகளிலும் விடுபட்டுப்போகும் விதத்துக்கு இதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஹூஸ்டன் பாடிய முறையைப் பற்றிச் சில சொற்கள். நூவர்க் நகரின் நியூ ஹோப் பாப்திஸ்து ஆலயத்தில் தாயார் சிஸ்ஸி ஹூஸ்டன் நடத்திய பாடகர் குழுவில் வளர்ந்தவர் அவர். துணைக் கருவி ஏதுமின்றி ஒரு குரல் தயங்கித் தயங்கி எழுவதும், ஒரே அசையைப் பல சுரங்களில் நீட்டி நெளித்துச் செல்லுவதும் கறுப்பினத் திருச்சபைகளின் வழிபாட்டில் பிறந்தவை. இடையில் சாக்ஸஃபோன் வாசித்த கர்க் வேலம், மெம்ஃபிஸ் நகரத்துப் பாப்திஸ்துப் போதகர் ஒருவரின் மகன். ஆகவே மூப்பர் ஐயா சினிமாப் பாட்டு என்று தள்ளியதில் சபையின் குரல் நிறைய இருக்கிறது. ஆசிமொழிப் பகுதியை ஹூஸ்டன் அந்த சாக்ஸஃபோன் இசை முடிந்ததும் மென்மையாகப் பாடுகிறார். பின்னர் ஒரு நொடி முழு அமைதி. முரசு ஒருமுறை அதிர்கிறது. சுருதி ஒரு படி மேலேறுகிறது. பல்லவி முழுக் குரலில் வெடித்தெழுகிறது. எவரைக் கேட்டாலும் இப்பாடலில் அவர்கள் நினைவிற்கொள்வது அந்த இடத்தையே. அதற்குச் சற்று முன் கூறப்பட்ட ஆசி அந்த முழக்கத்தில் அமிழ்ந்துவிடுகிறது. பார்ட்டனின் பதிவில் பேச்சாக இறங்கி வந்த இடம், இங்கே அடுத்த ஏற்றத்துக்கு ஒரு படியாகிறது. ஹூஸ்டனின் ஆற்றலில் நமக்கு ஐயமில்லை. எனினும் பாடலின் எடை இடம் மாறிவிட்டது என்பதே நம் குறை.

அந்த எடை மாற்றமே சந்தைக்கு உகந்ததாயிற்று. 1992 நவம்பரில் வெளிவந்த பாடல், அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதற்குமுன் எந்தப் பாடலும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. பிரித்தானியாவில் 10 வாரங்கள். அது இடம்பெற்ற இசைத்தொகுப்பு உலகெங்கும் 4 கோடிக்கு மேல் விற்றது. ஒரே வாரத்தில் 10 இலட்சம் படிகளைத் தாண்டியது. 1994-இல் ஆண்டின் சிறந்த பதிவுக்கும் சிறந்த தொகுப்புக்குமான கிராமி விருதுகள் வந்தன. உரிமையை விட்டுக்கொடாத பார்ட்டனுக்கு 1990-களில் இப்பாடல்வழி ஏறத்தாழ 1 கோடி டாலர் கிடைத்தது என்பர். அத்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு நாஷ்வில் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகத்தை வாங்கியதாகவும், அதை ஹூஸ்டன் கட்டிய வீடாக எண்ணுவதாகவும் அவர் 2021-இல் தெரிவித்தார்.

வீட்டிலுள்ள பொருளையெல்லாம் கொடுத்தாலும் அன்பை வாங்க முடியாது என்னும் பொருள்பட உன்னதப்பாட்டு (8:7) கூறுவதைச் சுட்டி, அன்பைப் பாடி விற்பதே இழிவு என்று சிலர் முடிவு கட்டுவர். அவ்வசனம் பாடல் விற்பதைப் பற்றிப் பேசவில்லை. விற்கப்பட்டது பாடலேயன்றி அன்பன்று. நம் கவலை வேறு. பிரிந்து வாழ்த்தும் ஒரு பாடலிலிருந்து 'என்றும்' என்னும் சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, பிரிவையும் வாழ்த்தையும் உறைக்குள்ளேயே விட்டுவிட்டு வாங்குவோர் எடுத்துச் சென்றனர். இதனால்தான் உலகின் பல இடங்களில் மணமக்கள் இதனைத் திருமணப் பாடலாகக் கொண்டார்கள். நேசிப்பேன் என்பது விடமாட்டேன் என்று கேட்டது. விடமாட்டேன் என்பதை அன்பென்று எண்ணிப் பழகிய தலைமுறையை, மணமுறிவுக்குமுன் ஆலோசனை தேடி வருவோரிடத்தில் ஆயர்கள் நாள்தோறும் சந்திக்கின்றனர். திருமறையிலேயே நாம் இப்பிழையைச் செய்கிறோமன்றோ? ரூத்தைப் பற்றிப் பிரசங்கிக்காத போதகர் இல்லை, பற்றிக்கொண்டவள் அவள். ஓர்பாளைப் பற்றி நல்ல சொல் கூறியவரைக் காண்பது அரிது. ஆயினும் நகோமி இருவரையும் முத்தமிட்டு, இருவருக்கும் சமமாக ஆசி கூறியே போகச் சொன்னாள் (ரூத் 1:8, 9). அந்த ஆசியைப் பெற்றுக்கொண்டு போனவள் ஓர்பாள்.

அந்தெர்ஸ் நிக்ரன் 1930-களில் 'ஏரோஸ்', 'அகாப்பே' என அன்பை இரண்டாகப் பிளந்து காட்டியதிலிருந்து, உலகப் பாடல்களை முதற்கூட்டில் போட்டு மூடிவிடும் வழக்கம் இறையியல் கல்லூரிகளில் ஊறிவிட்டது. தன் நிறைவைத் தேடுவது ஏரோஸ். தன்னைத் தருவது அகாப்பே. இந்தப் பாடலை எதில் அடக்குவது? தமக்கு எதையும் கேளாமல், விடப்படுகிறவரின் நலனை மட்டும் கேட்கிறது. ஆயினும் அது மண்ணின் வாசனையுள்ள மானிடப் பாசமே. நிக்ரன் வகுத்த கோட்டின் மீதே அது நிற்கிறது. இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அதே திரைப்படத்தில், அதே இசைத்தொகுப்பில், 'ஜீசஸ் லவ்ஸ் மீ' என்னும் ஓய்வுநாட்பள்ளிப் பாடலையும் ஹூஸ்டன் பாடியிருக்கிறார். 1860-இல் ஆனா வார்னர் எழுதியது அது. மரணப் படுக்கையிலுள்ள ஒரு குழந்தையைத் தேற்றுவதற்காக ஒரு நாவலில் முதலில் வந்தது. நாமெல்லாரும் பாய்மேல் அமர்ந்து பாடிய பாடல். 4 கோடி வீடுகளுக்குள் அது சென்றது. எந்தச் சங்கமும் அதை அனுப்பவில்லை.

பாடலை நாம் முழுமையாகப் போற்றுவதாக எண்ணவேண்டா. அதிலுள்ள குறையும் சொல்லத்தக்கதே. தான் தங்கினால் இடையூறாவேன் என்று புறப்படுகிறவரே பழியைச் சுமந்துகொள்கிறார். உண்மையில் வேகனரே பார்ட்டனுக்கு இடையூறாயிருந்தார். விடுதலை பெறும் பெண், தன்னைக் குறைத்துச் சொல்லியே வாயிலைத் தாண்ட வேண்டியிருந்தது. இது அன்பின் நயமா, வலியவனிடம் பேசும் எளியோரின் தந்திரமா என்று நம் கல்லூரியின் பெண் மாணவர்கள் கேட்டால், நாம் அவசரப்பட்டு விடையளிக்கமாட்டோம். மேலும், செய்யப்பட்ட தவறுகளைப் பற்றிப் பாடல் வாய் திறப்பதில்லை. ஒப்புரவாகுதல் இல்லாத ஆசியாக அது நிற்கிறது. அதனால் விளைந்ததை வரலாறு காட்டுகிறது. பாடலைக் கேட்டுக் கண்ணீர் விட்ட வேகனர், 1979-இல் பார்ட்டன் மீது 30 இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. ஆசி கூறுவது எளிது. பெற்றுக்கொள்வதே கடினம் போலும். 2007-இல், வேகனர் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் ஐம்பது ஆண்டு நிறைவு செய்த விழாவில், அவருக்கு முன்னிலையில் பார்ட்டன் இப்பாடலை மீண்டும் பாடினார். அவ்வாண்டு அக்டோபரில் வேகனர் இறந்தார். இறுதி நாளில் பார்ட்டன் அவர் படுக்கையருகே இருந்தார். எழுதப்பட்டு 34 ஆண்டுகளுக்குப் பின்னரே, அது எவருக்காக எழுதப்பட்டதோ அவரைப் பாடல் முழுமையாகச் சென்றடைந்தது எனலாம்.

ஹூஸ்டன் 2012 பிப்ரவரி 11 அன்று தம் 48-ஆம் வயதில் மறைந்தார். போதைப் பழக்கத்தின் நெடுந்துன்பம் அம்மரணத்தின் பின்னால் இருந்தது. அதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. இரு நாட்களுக்கு முன் ஹாலிவுட்டில் ஒரு நிகழ்ச்சியில் மேடையேறியபோது அவர் பாடியது அந்த ஓய்வுநாட்பள்ளிப் பாடலின் சில அடிகளே. 18-ஆம் நாள் அவர் வளர்ந்த நியூ ஹோப் ஆலயத்தில் அடக்க ஆராதனை நடைபெற்றது. காஸ்ட்னரும் பேசினார். ஆராதனை முடிந்து பேழையைத் தோள்களில் சுமந்து வெளியே கொண்டு சென்றபோது, ஒலிபெருக்கியில் அவர் குரலிலேயே இப்பாடல் எழுந்தது. அங்கே இருந்தவர்கள் பாடலைத் தவறாகக் கேட்கவில்லை. புறப்படுகிறவர் பாடினார், தங்குகிறவர்கள் கேட்டனர். திரைப்படப் பாட்டுக்கு ஆலயத்தில் இடமுண்டா என்னும் வினாவுக்கு, அந்தப் பாப்திஸ்துச் சபை விடையளித்த முறையில் நமக்கு மறுப்பில்லை.

அருட்பணியாளருக்கு இதில் உள்ள செய்தியைப் பின்னர்க் காண்போம் என்றோம். நம் திருச்சபையில் சேர்வதற்கு ஒழுங்குகள் உண்டு: திருமுழுக்கு, திடப்படுத்தல், திருமணம், குருப்பட்டம், ஆயரைப் பணியில் அமர்த்துதல். ஆயர் ஒருவர் சேகரத்தை விட்டு மாற்றலாகிச் செல்லும்போது நடப்பது ஆராதனையன்று. பொன்னாடையும் புகழுரையும் சிற்றுண்டியும் உள்ள ஒரு கூட்டம். சில இடங்களில் அதுவுமின்றி, மனக்கசப்போடு வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏற்றப்படுகின்றன. பவுல் மிலேத்துவில் எபேசுவின் மூப்பர்களோடு முழங்காற்படியிட்டு ஜெபித்துப் பிரிந்ததும் (அப்போஸ்தலர் 20:36-38), ஆண்டவர் தாம் போவதே சீடருக்கு நலம் என்று கூறியதும் (யோவான் 16:7), நம் ஜெபப் புத்தகங்களில் ஆயரின் பிரியாவிடைக்குரிய ஒழுங்காக உருப்பெறவில்லை. போனபின்னும் போகாதிருக்கும் ஆயர்கள் அதனால் உண்டாகின்றனர். பழைய சேகரத்துத் திருமணங்களுக்கும் அடக்கங்களுக்கும் அழைப்பு வந்தவண்ணம் இருக்கும். நேசத்தினால் அழைக்கிறார்கள், நேசத்தினால் போகிறோம் என்று சொல்லிக்கொள்வோம். புதிதாக வந்த இளைய ஆயர் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய திருமணம் நடைபெற்றது, நாம் முன்னர் எட்டாண்டுகள் பணியாற்றி விட்டுவந்த சேகரத்தில். அதை நடத்த வேண்டியவர் அங்குள்ள ஆயர். அவர் மறுப்பேதும் கூறவில்லை. ஆராதனை ஒழுங்கைத் தட்டச்சு செய்து தந்தவரும், மணியடிக்கச் சொன்னவரும் அவரே. தங்கியிருந்தால் இடையூறாவேன் என்று புறப்படும் ஒருவரின் பாடல் இது என்று நாம் மணமக்களுக்கு அவருடைய அறையில், அவருடைய மேசையருகே அமர்ந்து விளக்கிக்கொண்டிருந்தோம். அவர் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்திருமணப் பதிவேட்டில், குருவானவர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் நம் பெயரே இருக்கிறது.